மூச்சுவிட நேரம்

பீட்டர்ஹெட் துறைமுகத்தின் பின்னால்
மீன்பெட்டி அடுக்கும் கொட்டகையை ஒட்டி
வெள்ளைச் சாயம் பூசிய இரும்பு உருளை.
செவ்வாயும் வியாழனும்
ஐந்து பேர் அதற்குள் முழங்கால் இடிக்க உட்காருகிறோம்.

உதட்டுச் சாயம் கூடாது, முகத்துக்குக் களிம்பு கூடாது,
நைலான், தீப்பெட்டி, கைபேசி எதுவும் கூடாது.
பருத்திச் சட்டை, ஒரு புளிப்பு மிட்டாய்.
காது அடைத்தால் விழுங்கு என்கிறான் ஸ்ட்ரூவன்.
வடகடல் எண்ணெய்க் கிணறுகளின் அடியில்
இருபது வருடம் முக்குளித்தவன்,
இப்போது எங்களை
ஒரு சொட்டுத் தண்ணீரில்லாமல் மூழ்கடிக்கிறான்.

கதவு சாத்தியதும் காற்று சூடேறுகிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பத்து விரலையும் விரித்துக் காட்டுவான்:
பத்து மீட்டர்.
முகமூடி. ரப்பர் வாசனை.
பிறகு ஒரு மணி நேரம்
மூச்சு விடுவதைத் தவிர வேலை எதுவும் இல்லை.

நான் தபால்காரி.
நாளைக்குப் பதினொரு மைல், நாற்பத்தேழு நாய்கள்,
அத்தனைக்கும் பெயர் தெரியும்.
மூச்சுவிட நேரமில்லை என்று
மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லியிருப்பேன்.
வாய்முகூர்த்தம்.

அந்த மார்ச்சில் நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.
காய்ச்சல் போனது,
போகும்போது குழாயை மூடாமல் போய்விட்டது.
அசதி என்று எழுதினார் மருத்துவர்.
அசதி தூங்கினால் போகும்.
இது தூங்கி எழுந்ததும் வரும்.
தலை சீவக் கை தூக்கினால்
சாயங்காலம் வரை அந்தக் கடனை அடைக்க வேண்டும்,
வட்டியோடு.

எதிரே டூகல். இருபத்தாறு வருட நரம்பு நோய்.
மூங்கில் ஊசியில் பருத்தி நூல் கோத்து
பாத்திரம் துடைக்கும் துணி பின்னுகிறார்.
முதல் நாள் கேட்டேன், இதில் குணமாகுமா?
பின்னியதைத் தூக்கிக் காட்டினார்.
அறுபத்தோராவது துணி.

ஆறாவது வாரம் தெருமுனை தபால்பெட்டி வரை நடந்தேன்.
திரும்பியும் வந்தேன்.
வந்த சந்தோஷத்தில் ஜன்னல் துடைத்தேன், முட்டாள்.
மறுநாளும் அதற்கு மறுநாளும்
திரைச்சீலை திறக்கவில்லை.
காற்றா, வசந்தமா, எது என்னை நடக்க வைத்தது?
ஸ்ட்ரூவனிடம் கேட்டால்
எனக்கு முள் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்றான்.

ஒன்பதாவது வாரம், ஆழத்தில் இருக்கும்போது
விளக்கு அணைந்தது. இயந்திர இரைச்சல் நின்றது.
புதிதாக வந்த இஷ்பெல், பத்தொன்பது வயது,
நீச்சல் பந்தயக்காரியாக இருந்தவள்,
முகமூடியைப் பிய்த்தெறிந்து கதவை அறைந்தாள்.
அது திறக்காது. உள்ளே இருக்கும் காற்றே
அதை அழுத்திப் பிடித்திருக்கிறது.
வட்டக் கண்ணாடியில் ஸ்ட்ரூவனின் டார்ச்,
அதன் வெளிச்சத்தில் ஒரு உள்ளங்கை
கீழ்நோக்கி, மெதுவாக, இன்னும் மெதுவாக.

பதினாலு நிமிடம் மேலே வந்தோம்.
காற்று குளிர்ந்து குளிர்ந்து பனிமூட்டமாயிற்று.
என் முழங்காலே எனக்குத் தெரியவில்லை.
இஷ்பெல் ஒரு மூச்சு அழுது ஓய்ந்தாள்.
யாரோ என் கையைப் பிடித்தார்கள்,
யாரென்று இன்றுவரை கேட்கவில்லை.
டூகல் மட்டும் இருட்டில்
கண்ணி எண்ணிக்கொண்டிருந்தார்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

கதவு திறந்ததும் மீன் நாற்றம்.
இவ்வளவு நல்ல நாற்றத்தை நான் முகர்ந்ததே இல்லை.

முன்னேற்றம் உண்டா, என்கிறது படிவம்.
ஒன்று முதல் பத்துக்குள் வட்டமிடவும்.
ஓரத்தில் எழுதினேன்:
பதினான்கு படியில் பதினொன்று.

ஒரே மூச்சில் ஏறிய மாடி இது.
இன்று பதினொன்றாம் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே கதவின் துவாரத்தில் தபால் விழுகிறது.
புதுப் பையன். அவசரக்காரன்.
இங்கிருந்தே தெரிகிறது அந்த நீல உறை,
இருபத்துமூன்றாம் எண் வீட்டுக்காரியின் தங்கை
கனடாவிலிருந்து போடுவது.
தவறாக இங்கே போட்டுவிட்டான்.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
ஆறு வீடு தள்ளி.
நாளைக்கு,
இல்லாவிட்டால் வியாழன் கழித்து.